பழைய லேப்டாப்பை எடைக்குப் போடாதீர்! – விலை ஏற்றமும் வணிகர் அறிய வேண்டிய கணக்கும்

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். இப்போது அந்தப் பெருமை லேப்டாப்புக்கும் வந்திருக்கிறது. ஓடாத, திரை உடைந்த, பட்டன் உதிர்ந்த லேப்டாப்பைக் கூடக் கேட்டு வாங்க ஆள் வருகிறார்கள். பில் போட வாங்கிய பழைய லேப்டாப் ஒன்று, இன்று பல மளிகைக் கடைகளில் கல்லாவுக்கு அடியிலோ பரணிலோ தூசி படிந்து கிடக்கிறது. அதைக் காயலான் கடையில் எடைக்குப் போடுவதற்கு முன் நம் உறுப்பினர்கள் சில விவரங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

நந்தனம் வட்டார வணிகர்களுக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. 1977இல் தொடங்கப்பட்ட தமிழக அரசின் எல்காட் நிறுவனத்தின் தலைமையகம் நம் அண்ணா சாலையில்தான் இருக்கிறது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டத்திற்குக் கொள்முதல் செய்தது இந்நிறுவனமே. 2025-26 நிதிநிலை அறிக்கையில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி வழங்கப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது. பழைய உதிரிபாகங்கள் கைமாறும் ரிச்சி தெருவும் இதே அண்ணா சாலையை ஒட்டியதுதான்.

விலை ஏன் ஏறியது?

துவரை விளைந்த நிலத்தில், கூடுதல் விலை கிடைக்கும் வேறு பயிரை எல்லோரும் விதைத்தால் துவரம் பருப்பு என்ன ஆகும்? அதுவே இங்கும் நடந்தது. கணினிக்குள் இருக்கும் ‘ரேம்’ எனப்படும் நினைவகச் சில்லுகளைப் பெருமளவில் தயாரிப்பவை சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று நிறுவனங்களே. செயற்கை நுண்ணறிவுக்காக உலகெங்கும் கட்டப்படும் தரவு மையங்களுக்கு உயர்ரக நினைவகம் தேவைப்பட, இம்மூவரும் உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்பினார்கள். ‘டி.டி.ஆர். 4’ என்ற பழைய வகையைக் குறைக்கவும் தொடங்கினார்கள். 2025 நடுவிலிருந்து சாதாரண ரேம் விலை வேகமாக ஏறியது. அந்த ஆண்டு டிசம்பரில், கடைகளில் விற்கப்படும் ‘குரூஷியல்’ ரேம் வியாபாரத்தையே விட்டு விலகுவதாக மைக்ரான் அறிவித்தது. புதுச் சரக்கு அரிதானால் பழைய சரக்குக்கு மவுசு வருவது இயல்புதானே!

உடைந்ததற்கு என்ன விலை?

தேங்காயை உடைத்தால் பருப்புக்கு ஒரு விலை, தொட்டிக்கு ஒரு விலை, நாருக்கு ஒரு விலை. புதுப்பேட்டையில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்பதும் இந்த முறையில்தான். லேப்டாப்பும் அப்படியே. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம் (தொகைகள் விளக்கத்திற்கு மட்டுமே).

ஓடாத லேப்டாப் ஒன்றில் ரேம் ரூ.1,500, திரை ரூ.1,200, டிஸ்க் ரூ.800, கீபோர்டும் சார்ஜரும் ரூ.500 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் ரூ.4,000. பிரிக்கும் கூலி ரூ.500, பழுதாகிப் போகும் பாகங்களுக்காகக் கால் பங்கு ரூ.1,000, வியாபாரியின் லாபம் ரூ.700 கழித்தால், அவர் உங்களுக்குத் தரக்கூடியது ரூ.1,800.

இப்போது ரேம் மட்டும் இரு மடங்காகி ரூ.3,000 ஆகிறது. மொத்தம் ரூ.5,500. கூலியும் லாபமும் மாறவில்லை, கழிவு ரூ.1,375. உங்களுக்குக் கிடைக்க வேண்டியது ரூ.2,925. அதாவது ஒரே ஒரு பாகம் விலை ஏறியதில் உடைந்த லேப்டாப்பின் விலை 60 சதவீதத்துக்கு மேல் உயர்ந்துவிட்டது! எடைக்குப் போடுபவர் இழப்பது இந்தத் தொகையைத்தான்.

எல்லா லேப்டாப்புக்கும் இந்த விலை கிடைக்காது. மிகப் பழைய ‘டி.டி.ஆர். 3’ ரேமுக்கு அவ்வளவு கிராக்கி இல்லை. மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேம் போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். தனியே கழற்ற இயலாது. மேலும் 2025 அக்டோபர் 14 அன்று ‘விண்டோஸ் 10’க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. ‘விண்டோஸ் 11’ ஏற்காத பழைய லேப்டாப், முழுப் பொருளாக மதிப்பு இழந்தாலும் பாகங்களாக மதிப்புப் பெறுகிறது. ஆகவே விற்குமுன் ரேம் எந்த வகை, எத்தனை ஜி.பி. என்று பார்த்துக்கொண்டு, இரண்டு மூன்று இடங்களில் விலை கேளுங்கள்.

விற்பவர் கவனத்திற்கு

1. கணக்கைக் காப்பாற்றுங்கள். ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். லேப்டாப் போய்விட்டது என்பது அதிகாரியிடம் பதிலாகாது. முதலில் நகல் எடுத்து வையுங்கள்.

2. டிஸ்க்கைக் கழற்றிக்கொள்ளுங்கள். கடன் வாடிக்கையாளர் பட்டியலும் வங்கி விவரமும் அதில்தான் இருக்கின்றன. அழித்த கோப்புகளைக்கூட மீட்க முடியும். சில நூறு ரூபாய் குறைந்தாலும் நஷ்டமில்லை.

3. வரியை மறவாதீர்கள். ரூ.40,000க்கு வாங்கி, ரூ.7,200 உள்ளீட்டு வரி எடுத்திருந்தால், ஒவ்வொரு காலாண்டுக்கும் 5 சதவீதம் கழியும். நான்கு ஆண்டு முடிந்து ரூ.3,000க்கு விற்றால், மீதமுள்ள 20 சதவீதம் ரூ.1,440, விற்பனைத் தொகைக்கான 18 சதவீத வரி ரூ.540. இரண்டில் அதிகமானதைக் கட்ட வேண்டும். ஐந்து ஆண்டு கடந்தால் ரூ.540 மட்டுமே. விற்கும் தேதியே லாபத்தை மாற்றுகிறது. ஆடிட்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.

4. உப்பிய பேட்டரியைக் கடையில் வைக்காதீர்கள். எண்ணெயும் சாக்கும் அட்டைப்பெட்டியும் உள்ள இடத்தில் அது நெருப்புக்குச் சமம். அதைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்த்துவிடுங்கள்.

வாங்குபவர் கவனத்திற்கு

விலை ஏறினால் திருட்டுப் பொருளும் சந்தைக்கு வரும். தெருவில் வந்து மலிவாகத் தருகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள். திருட்டுப் பொருள் என அறிந்தோ, அறியக் காரணம் இருந்தும் நேர்மையின்றியோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா 317ஆம் பிரிவின்படி குற்றம். பில், வரிசை எண், விற்பவரின் அடையாளச் சான்று நகல் மூன்றும் கையில் இருக்கட்டும். அரசு அடையாளம் உள்ள மாணவர் மடிக்கணினியைத் தொடவே வேண்டாம். அது ஒரு பிள்ளையின் படிப்புக்காகக் கொடுத்தது.

பதுக்கலாமா?

வேண்டாம் என்பதே நம் கருத்து. நினைவகச் சில்லு விலை ஏறி இறங்கும் தன்மை உடையது. 2018 வரை ஏறிய விலை 2019இல் சரிந்தது. 2022, 2023 ஆண்டுகளிலும் வீழ்ந்தது. புதிய ஆலைகள் எழச் சில ஆண்டுகள் ஆகலாம். ஆனால் எழும் நாளில் இன்று வாங்கிக் குவித்த பழைய சரக்கை யார் கேட்பார்கள்? அரிசியும் புளியும் அறிந்த நாம், அறியாத சரக்கில் முதலை முடக்க வேண்டாம். பரணில் கிடப்பதைக் கணக்குப் பார்த்து நியாய விலைக்கு விற்போம். ஓடுகிற லேப்டாப்பைப் பழுது பார்த்து இன்னும் சில காலம் ஓட்டுவோம். இந்த விலைவாசியில் புதிது வாங்காமல் தள்ளிப்போடுவதும் ஒரு வருமானமே!