முன் காணாப் பத்தி

பங்குனித் திங்களில் பெரிய காஞ்சிபுரம் ஆரவாரம் மிகுந்து விளங்கும். ஏகாம்பரநாதர் திருக்கோயிற் பெருவிழா அப்பொழுதுதான் நடைபெறும். இராச வீதிகளில் ஊர்திகள் உலாவர, மேளமும் நாகசுரமும் இரவெல்லாம் ஒலிக்கும். பத்தாம் வகுப்பு மாணாக்கர் பொதுத்தேர்வுக்கு ஆயத்தம் செய்யுங் காலமும் அதுவே. வீதியில் விழாவொலி, வீட்டினுள் தறியொலி. இவ்விரண்டிற்கும் இடையே ஒரு சிறுவன் ஆங்கில விடை நூலைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரே விடையைப் பத்து முறை உரக்கக் கூறி நெட்டுருப் போடுவான். அவனது உழைப்பிற் குறையொன்றும் இல்லை. ஆயினும் அவன் எழுதப்போகும் வினாத்தாளில், நெட்டுரு சிறிதும் செல்லாத இடம் ஒன்று உண்டு.

அவ்விடமே முன் காணாப் பத்தி எனப்படுவது. பாட நூலில் இல்லாத ஓர் உரைநடைப் பகுதி வினாத்தாளில் அச்சிடப்பட்டிருக்கும். அதனை அங்கேயே படித்து, அங்கேயே பொருளுணர்ந்து, கீழே கேட்கப்பட்ட வினாக்களுக்கு விடை எழுதுதல் வேண்டும். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புத் தேர்வில் ஆங்கிலம் முன்னர் இரண்டு தாள்களாக இருந்தது. 2019-இல் அவை ஒன்றாக்கப்பட்டன. இப்போது 100 மதிப்பெண்ணுக்கு ஒரே தாள். 35 பெற்றவர் தேர்ச்சியடைவர். தாள் ஒன்றானாலும் முன் காணாப் பத்தி நீங்கவில்லை. எந்த ஆண்டு எந்தப் பத்தி வரும் என்று ஒருவராலும் சொல்ல இயலாது. ஆகவே பலர் அதனை ஊழின் பாற்படுத்தி விட்டுவிடுகின்றனர். அது பெரும் பிழை. ஆண்டு முழுவதும் ஆயத்தம் செய்யத்தக்க பகுதி வினாத்தாளில் ஒன்று உண்டெனின், அஃது இதுவே.

நெசவாளர் குடும்பங்களில் இத்தேர்வுக்குத் தனியானதோர் அச்சம் இருந்துவந்தது. காஞ்சிப் பட்டுச் சேலையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தனவாக அமைவது கோர்வை எனப்படும். அதற்கு மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். தறியில் அமர்ந்து நெய்பவர் தாமே அனைத்தையும் எறிதல் அரிதாகலின், ஒரு பக்கத்துக் கரைக்கு நாடா எறியத் துணையாள் ஒருவர் வேண்டும். முற்காலத்தில் அத்துணையாள் பெரும்பாலும் வீட்டுச் சிறுவனே ஆவான். தேர்வில் ஆங்கிலம் கைவிட்டால், தறியருகே அவ்விடம் அவனுக்காகக் காத்திருந்தது. நெசவு தாழ்ந்த தொழிலன்று. அதன் நுட்பம் உலகறிந்தது. எனினும், தானே விரும்பி அதில் அமர்வது வேறு. ஒரு தாளில் சில மதிப்பெண் குறைந்தமையால் அமர்த்தப்படுவது வேறு.

இவ்வூரின் நெசவாளர் குடும்பம் ஒன்றில் 1909-இல் பிறந்தவர் சி. என். அண்ணாதுரை. காஞ்சிபுரம் பச்சையப்பன் உயர்நிலைப் பள்ளியில் அவர் பயின்றார். குடும்ப வருவாய் போதாமையால் படிப்பை இடையில் நிறுத்தி, நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராகச் சிலகாலம் பணியாற்றினார். பின்னர் மீண்டும் கல்வியைத் தொடர்ந்து, சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் 1934-இல் பட்டம் பெற்றார். சிறிது காலம் ஆங்கில ஆசிரியராகவும் இருந்தார். பிற்காலத்தில் ஆங்கில இதழ் நடத்தும் அளவுக்கும், 1968-இல் அமெரிக்க நாட்டு யேல் பல்கலைக்கழகத்தின் அழைப்பை ஏற்று அங்கே சென்று மாணவரோடு உரையாடும் அளவுக்கும் அம்மொழி அவருக்கு வயப்பட்டது. தறி ஒலித்த வீடு அதற்குத் தடையாக இருக்கவில்லை. கிடைத்ததையெல்லாம் படிக்கும் பழக்கம் அவரிடம் இருந்தது.

இதற்கு மறுதலையான வரலாறும் காஞ்சியோடு தொடர்புடையதே. கணிதமேதை இராமானுசன் இளமையில் சில ஆண்டுகள் இவ்வூரில் வளர்ந்தவர். அவருடைய தாய்வழிப் பாட்டனார் இங்கே நீதிமன்ற அலுவலராக இருந்தார். 1897-இல், பத்து வயதிற்குள், தொடக்கப்பள்ளித் தேர்வில் அவர் மாவட்டத்திலேயே சிறந்த மதிப்பெண் பெற்றார். அத்தேர்வின் பாடங்களுள் ஆங்கிலமும் ஒன்று. அத்தகையவர் 1904-இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் கல்லூரியிற் சேர்ந்து, ஆங்கிலத்தில் தவறி, அவ்வுதவித்தொகையை இழந்தார். அறிவு குறைந்ததனாலன்று, கணிதத்தையன்றிப் பிறிதொன்றைக் கருத அவர் மனம் இசையவில்லை. இறுதியில் அவருக்கு வழி திறந்தது, 1913-இல் கேம்பிரிட்சுப் பேராசிரியர் ஆர்டிக்கு அவர் ஆங்கிலத்தில் எழுதிய கடிதமே. இராமானுசனுக்கு அக்கடிதம் இருந்தது. எல்லார்க்கும் அது வாய்ப்பதில்லை.

இனி, முன் காணாப் பத்தியைப் படிக்கும் முறையை நோக்குவோம். இம்முறை ஆங்கிலேயரிடமிருந்து வந்ததென்று எண்ண வேண்டுவதில்லை. திருக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர் காஞ்சிபுரத்தவர் என்பது மரபு. பெரிய காஞ்சிபுரத்து உலகளந்த பெருமாள் திருக்கோயில் வழிபாட்டு மரபினர் என்றும் கூறுவர். அவரைப் போன்ற உரையாசிரியர்கள் ஒரு செய்யுளை எடுத்தவுடன் என் செய்தனர்? சொற்களைப் பிரித்தனர்; எழுவாய் எது, பயனிலை எது என்று கண்டனர்; சேய்மையில் நின்ற சொல்லைக் கொணர்ந்து உரிய இடத்திற் கூட்டினர்; பல பொருள் உடைய சொல்லுக்கு இவ்விடத்திற்குப் பொருந்தும் பொருள் யாது என்று ஆராய்ந்தனர். ஒரு சொல் மற்றொரு சொல்லை அவாவி நிற்பதை அவாய்நிலை என்றும், இரண்டும் பொருளாற் பொருந்துவதைத் தகுதி என்றும், அடுத்து நிற்பதை அண்மை என்றும் வழங்கினர். ஆங்கிலப் பத்திக்கு வேண்டுவனவும் இவையே. தமிழ் வகுப்பில் உரையைக் கூர்ந்து படிக்கும் மாணவன் ஆங்கிலத் தேர்வுக்கும் பாதி ஆயத்தம் செய்துவிட்டான் எனலாம்.

எடுத்துக்காட்டு ஒன்று காண்போம். ஆங்கிலத்தில் உள்ள ஒரு பத்தியின் கருத்து இவ்வாறு இருப்பதாகக் கொள்க. மழைக்காலத்தில் ஓர் ஆற்றுப் பாலம் உடைந்தது. ஆறு 'ஸ்வோலன்' ஆயிருந்தது. அஞ்சற்காரர் ஒருவர் கரையில் நெடுநேரம் நின்றார். அவர் துணிவு மிக்கவர் அல்லர். ஆயினும், பையினுள் ஒரு கடிதம் இருந்தது. அக்கரையில் ஒரு தாய் நான்கு திங்களாக அதற்காகக் காத்திருந்தாள். அவர் பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு நீரில் இறங்கினார்.

வினா: அஞ்சற்காரர் ஆற்றைக் கடந்தது ஏன்? பழக்கமில்லாத மாணவன் வினாவில் உள்ள 'ரிவர்' என்னும் சொல்லைப் பிடித்துக்கொள்வான். பத்தியில் அச்சொல் எங்கே உள்ளது என்று தேடுவான். முதல் வரியிலேயே அது கிடைத்துவிடும். பாலம் உடைந்தது என்னும் வாக்கியத்தை அப்படியே பெயர்த்து எழுதிவிட்டு மகிழ்வான். அவனுக்கு மதிப்பெண் இல்லை. ஏனெனில், பாலம் உடைந்தமை ஆற்றைக் கடந்ததற்குக் காரணம் ஆகாது. நீரில் இறங்கிக் கடந்ததற்கே அது காரணம். 'எவ்வாறு கடந்தார்' என்னும் வினாவுக்கு அது துணைபுரியும். 'ஏன்' என்னும் வினாவுக்கு விடை அந்தத் தாயிடத்தில் உள்ளது. அவளைப் பற்றிய வாக்கியத்தில் 'ரிவர்' என்னும் சொல்லே இல்லை. சொல்லைத் தேடுபவனுக்கு அது அகப்படாது. பொருளைத் தேடுபவனுக்கு அகப்படும். ஆண்டுதோறும் இப்பகுதியில் மதிப்பெண் இழப்பவருட் பலர் இச்சொல் வேட்டையினாலேயே இழக்கின்றனர்.

'ஸ்வோலன்' என்னும் சொல் தெரியாதே என்று சிலர் அஞ்சுவர். அடிபட்ட கை வீங்கியிருப்பதை அச்சொல்லாற் குறிப்பர் என்று ஒருவனுக்குத் தெரிந்திருக்கலாம். ஆறு வீங்குமா? மழை பெய்தது, பாலம் உடைந்தது என்னும் அண்மைச் செய்திகளோடு சேர்த்து நோக்கின், நீர் பெருகியது என்பது பொருள் எனத் தெளியும். தமிழிலும் பெருகிய நீரை 'வீங்குநீர்' என்று பழைய புலவர் வழங்கியுள்ளனர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. ஆகவே, தெரியாத ஒரு சொல்லைக் கண்டவுடன் நின்றுவிடலாகாது. அவ்வாக்கியத்தையும் அதன் முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களையும் படித்தால், பெரும்பாலும் அச்சொல் தானே தன் பொருளைக் காட்டிவிடும். காட்டாவிடினும் அதனை விட்டுச் செல்க. அச்சொல் இன்றியே விடை கூறத்தக்க வினாக்கள் பல இருக்கும்.

பெரிய சொல்லைக் கண்டு அஞ்சும் மாணவர் சிறிய சொற்களைப் பொருட்படுத்துவதில்லை. 'நாட்', 'பட்', 'தோ', 'அன்லெஸ்' முதலிய சிறு சொற்களே வாக்கியத்தின் போக்கை மாற்றுவன. அஞ்சற்காரர் துணிவு மிக்கவர் அல்லர் என்னுமிடத்தில் 'நாட்' என்பதை விட்டுவிட்டால், அவர் பெருவீரராகிவிடுவார். பத்தியின் உயிரே போய்விடும். அஞ்சியும் இறங்கினார் என்பதன்றோ அங்கே சிறப்பு!

வாக்கிய அமைப்பிலும் ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும். தமிழில் பயனிலை பெரும்பாலும் இறுதியில் வரும். 'மழையில் நனைந்த பை' என்பதுபோல, அடைமொழி பெயருக்கு முன் நிற்கும். ஆங்கிலத்தில் பயனிலை எழுவாயை அடுத்தே வந்துவிடும்; 'ஹூ', 'விச்', 'தட்' என்னும் சொற்களால் தொடங்கும் விளக்கம் பெயருக்குப் பின் நீண்டு செல்லும். தமிழ் மாணவன் இறுதிவரை காத்திருந்து பழகியவன். ஆதலால், ஆங்கில வாக்கியத்தின் வாலில் உள்ளதையே முதன்மைச் செய்தி என்று மயங்குகிறான். நீண்ட வாக்கியத்தைக் கண்டால், செய்தவர் யார், செய்தது என்ன என்னும் இரண்டை முதலிற் பிரித்தெடுத்துக்கொண்டு, எஞ்சியவற்றை அவற்றோடு இணைக்க வேண்டும். 'இட்', 'ஹெர்', 'தெம்' முதலிய சுட்டுச் சொற்கள் வருமிடத்தில், அவை எதனைச் சுட்டுகின்றன என்று பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும். 'அதற்காக' என்றவுடன் 'எதற்காக' என்னும் அவாய் எழாதவன் கடிதத்தைக் காணமாட்டான்.

பத்தியை முதலிற் படிப்பதா, வினாக்களை முதலிற் படிப்பதா? வினாக்களையே முதலிற் படிக்க வேண்டும் என்று கூறுவாருளர். காலம் மிச்சமாகும் என்பது அவர் கருத்து. ஆனால் அப்பழக்கமே சொல் வேட்டைக்கு வித்திடுகிறது. பத்தியை ஒருமுறை நிறுத்தாது முழுவதும் படித்துவிடுதலே நன்று. அதன்பின் வினாக்களைப் படித்து, மீண்டும் பத்திக்குச் சென்று விடையிருக்கும் இடத்தைக் காணலாம். எழுதத் தொடங்குமுன் வினாத்தாளைப் படித்துப் பார்ப்பதற்கென்றே பத்து நிமிடம் தேர்வில் அளிக்கப்படுகிறது. அதனைச் சன்னல் வழியே வேடிக்கை பார்த்துக் கழிப்பவரும் உளர்.

விடையை முழு வாக்கியமாக, வினாவின் காலத்திற்கும் இடத்திற்கும் ஏற்ப எழுதுக. பத்தியில் ஒருவர் 'நான்' என்று தம்மைக் கூறிக்கொண்டிருந்தால், விடையில் அவரை 'அவர்' என்றே குறிக்க வேண்டும்.

இத்திறன் தேர்வுக்கு முந்திய மாதத்தில் வாராது. நாள்தோறும் கால் மணி நேரம் பாட நூலுக்குப் புறம்பான ஓர் ஆங்கிலப் பகுதியைப் படித்தல் போதும். அதற்குப் பொருட்செலவும் வேண்டா. விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது; அதன் பயனாக எழுந்த நூலகங்களில் ஆங்கில நாளிதழ்கள் இலவசமாகப் படிக்கக் கிடைக்கும். முதலில் சிறு செய்திகள், பின்னர் கடிதங்கள், அதன்பின் கட்டுரைகள். முதன்முறை படிக்கும்போது அகராதியை மூடியே வைத்திருத்தல் வேண்டும். பொருளை ஊகித்த பின் அகராதியைத் திறந்து, ஊகம் சரியா என்று ஒத்துப் பார்க்க வேண்டும். அங்ஙனம் அறிந்த சொல் மறவாது.

படித்ததைப் பிறர்க்குத் தமிழில் எடுத்துச் சொல்லுதல் இவை எல்லாவற்றினும் சிறந்த பயிற்சி. வீட்டில் ஆங்கிலம் அறிந்தவர் இலரே என்று பல மாணாக்கர் வருந்துகின்றனர். ஆங்கிலம் அறியாதவரே இப்பயிற்சிக்கு ஏற்ற ஆசிரியர். பிள்ளையார்பாளையத்துத் தறிவீடு ஒன்றின் திண்ணையில் மாலைப்பொழுதில் ஒரு பெண் அமர்ந்து, அஞ்சற்காரர் கதையைத் தன் பாட்டிக்குச் சொல்வதாக நினைத்துப் பார்க்கலாம். பாட்டி நூல் சுற்றிக்கொண்டே கேட்பாள்.

“ஏனம்மா, அந்தத் தாய்க்குக் கடிதம் எழுதியது யார்? மகனா?”

“மகன் என்று போட்டிருக்கவில்லையே, ஆயா.”

“நான்கு மாதம் காத்திருந்தாள் என்றாயே! நன்றாய்ப் பார்த்துச் சொல், கண்ணு.”

பெண் மீண்டும் நூலை விரித்து, விரலை வரியின்மேல் வைத்து, முதலிலிருந்து படிக்கத் தொடங்குவாள்.