பெரிய திருகாணிகளை மரத்தில் இறக்குதல்

வாயிற்கதவின் கீல், மரப்பாலத்தின் கைப்பிடி, பள்ளி ஊஞ்சலின் சட்டம் ஆகியவற்றில் பாரத்தைத் தாங்குபவை பெரும்பாலும் அறுகோணத் தலையுடைய பெரிய திருகாணிகளே. இவற்றைத் திருப்புளியால் இறக்க இயலாது. ஸ்பானர் போதுமா, மின்கருவி வேண்டுமா என்று வினவுமுன் துளையைக் கவனித்தல் வேண்டும்.

12 மி.மீ. திருகாணியின் புரியுள்ள பகுதிக்கு, சால் போன்ற வன்மரத்தில் 8 முதல் 10 மி.மீ. விட்டமுள்ள துளை தேவை. தேவதாருவில் 7 முதல் 9 மி.மீ. வரையும், இலவு போன்ற மென்மரத்தில் 5 முதல் 8 மி.மீ. வரையும் போதும். புரியில்லாத தண்டுப் பகுதிக்குத் தண்டின் விட்டத்திற்கே துளையிட வேண்டும். புரிகளில் மெழுகு தடவினால் உராய்வு குறையும். பாதிவரை சுத்தியலால் அடித்து இறக்கிவிட்டுப் பின்னர்த் திருகும் வழக்கம் சில பட்டறைகளில் உண்டு. அது திருகாணியை வெறும் ஆணியாக்குவதேயாகும்.

பத்துப் பன்னிரண்டு திருகாணிகளே இருப்பின், ராட்செட் ஸ்பானர் போதும். அதன் நீண்ட பிடி கையின் விசையைப் பன்மடங்காக்குகிறது. மரத்தின் எதிர்ப்பையும் கைக்கு உணர்த்துகிறது. நூற்றுக்கணக்கில் இறக்க வேண்டியவிடத்து மின்கருவி இன்றியமையாதது. சாதாரண மின்துரப்பணம் திருகாணி இறுகி நிற்கும்போது பிடித்தவர் மணிக்கட்டையே முறுக்கிவிடும். 'இம்பாக்ட் டிரைவர்' என்னும் கருவியோ சுழலும் திசையிலேயே அடுத்தடுத்துச் சிறு அடிகள் கொடுப்பதால், கைக்கு அத்துணை முறுக்கு வாராது. மின்கலத்தால் இயங்குவது மின்கம்பி எட்டாத இடத்திலும் பயன்படும்.

ஆயினும் இடர் இங்கேதான் உள்ளது. தலை பலகையில் படிந்த பின்னும் கருவி சுழலுமாயின், புரிகள் தாம் பற்றிய மர நார்களை அறுத்துவிடும்; சில வேளை திருகாணியே முறிந்துபோகும். நார் அறுந்த திருகாணி வெளிப்பார்வைக்குச் செவ்வையாகவே தோன்றும். ஊஞ்சலில் குழந்தை ஏறும்போதுதான் அதன் குறை வெளிப்படும். ஆதலின் மின்கருவியைக் கடைசி இரண்டு மூன்று சுற்றுகளுக்கு முன்பே நிறுத்தி, எஞ்சியதை ஸ்பானரால் முடித்தல் வேண்டும்.

ஆசிரியர் இதை வகுப்பில் எளிதிற் காட்டலாம். ஒரே மரத்துண்டில் இரு திருகாணிகளைச் செலுத்தி, ஒன்றை உரிய இறுக்கத்தில் நிறுத்துக. மற்றதை எதிர்ப்புத் தளரும்வரை திருகுக. பின்னர் இரண்டையும் கழற்றிப் புரிகளை மாணவர் நோக்கட்டும்: மிகைப்படத் திருகியதன் இடைவெளிகளில் மரத்தூள் அடைந்திருக்கும்.

அவ்வாறு கெட்ட துளையில் அதே அளவுத் திருகாணியை மீண்டும் இடலாகாது. வேறிடத்தில் புதிதாகத் துளையிடுக. இடமில்லையேல், மரத்தை ஊடுருவி மறுபுறம் நட்டு மாட்டும் போல்ட்டைப் பொருத்துக.