அடைப்புக்குறிக்கு வெளியே

பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் ஆறு நண்பர்கள் ஆளுக்கொரு நாசி லெமாக் பொட்டலமும் ஒரு ரிங்கிட்டுக்குத் தேநீரும் வாங்குகின்றனர். பொட்டலத்தின் விலை ந ரிங்கிட் எனில், மொத்தச் செலவு 6ந + 6. இரண்டு உறுப்புகளிலும் 6 காரணியாக உள்ளது. அதை அடைப்புக்குறிக்கு வெளியே எடுத்தால், கோவை 6(ந + 1) ஆகிறது. அதாவது ஆறு பேர். ஒவ்வொருவருக்கும் ந + 1 ரிங்கிட்.

மாணவர் பலர் இங்கே 6(ந) என்று எழுதிவிடுகின்றனர். 6ஐ வெளியே எடுத்த பின் அவ்விடத்தில் எதுவும் மிஞ்சாது என்பது அவர்கள் எண்ணம். ஆனால், 6ஐ 6ஆல் வகுத்தால் கிடைப்பது 1, சுழியம் அன்று. அந்த 1 விடுபட்டால், ஆறு தேநீருக்கான பணம் கடைக்காரருக்குக் கிடைக்காது!

12ந + 18 என்ற கோவையில் 2, 3, 6 மூன்றுமே பொதுக்காரணிகள். 2(6ந + 9) என எழுதுவது தவறன்று. ஆயினும் அடைப்புக்குறிக்குள் இன்னும் ஒரு 3 ஒளிந்திருக்கிறது. மீப்பெரு பொதுக்காரணியான 6ஐ எடுத்தால் 6(2ந + 3) கிடைக்கும். விடையைச் சரிபார்க்க, அடைப்புக்குறியை மீண்டும் விரித்தால் போதும்.

க² − 9 என்பதில் 1ஐத் தவிர வேறு பொதுக்காரணி இல்லை. இருப்பினும், 9 என்பது 3² ஆதலால், அதை (க + 3)(க − 3) எனப் பிரிக்கலாம். 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா இவ்வழியையே கையாண்டார். 2027651281 என்ற எண்ணை 45041² − 1020² என எழுதி, 46061, 44021 ஆகிய இரு காரணிகளைக் கண்டார். அவரிடம் கணிப்பான் இல்லை.