பள்ளிக்குள் ஒரு காணொலிச் சேவையகம்: இயங்குதளமும் கோப்புப் பகிர்வும்

2018 முதல் வந்த நம் புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் உள்ளன. 2019 ஆகஸ்டு 26 முதல் கல்வித் தொலைக்காட்சியும் ஒளிபரப்பாகிறது. பாடக் காணொலிகளுக்குக் குறைவில்லை. ஆனால் செங்கல்பட்டு மாவட்டக் கடலோரத்தில் பணிபுரியும் என் வகுப்பில், வீட்டில் இருக்கும் ஒரே கைபேசி அப்பாவோடு கடலுக்குப் போய்விடும் பிள்ளைகள் உண்டு. அவர்கள் காணொலியைப் பார்க்கக்கூடிய இடம் பள்ளி மட்டுமே. அங்கும் இணையம் நின்றுவிட்டால் அவர்களுக்கு வேறு வழியில்லை. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. புயல் இல்லாத நாள்களிலும் இணைய வேகம் குறைவது எங்களுக்குப் புதிதல்ல.

இதற்கு எளிய தீர்வு ஒன்று உண்டு. சிலர் வீட்டில் பழைய கணினியில் படங்களையும் பாடல்களையும் சேமித்து, வைஃபை வழியாகத் தொலைக்காட்சியில் பார்க்கிறார்கள் அல்லவா? அதே ஏற்பாட்டைப் பள்ளியிலும் செய்யலாம். இதற்கு இணையம் தேவையில்லை. ஒரு கணினியும் ஒரு ரூட்டரும் போதும்.

எந்த இயங்குதளம்?

நான் முதலில் கேட்டுக்கொண்ட கேள்வி இது: பணியிட மாறுதல் கலந்தாய்வில் நான் வேறு பள்ளிக்குப் போனால், இதை யார் பார்த்துக்கொள்வார்? இயங்குதளம் எனக்குப் பிடித்ததாக இருப்பதைவிட, அடுத்து வருபவருக்குத் தொல்லை தராததாக இருப்பதே முக்கியம்.

விண்டோஸ் பெரும்பாலோருக்குப் பழக்கமானது. ஆனால் விண்டோஸ் 10 பதிப்புக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 பல பழைய கணினிகளை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. பாதுகாப்புத் திருத்தம் வராத கணினியைப் பள்ளி வலையமைப்பில் வைப்பது நல்லதல்ல.

லினக்ஸ் நமக்கு அந்நியமும் அல்ல. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே வழங்கப்பட்டது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய அந்தப் பாஸ், டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. பள்ளியின் பழைய மடிக்கணினி ஒன்றில் நான் டெபியனையே நிறுவினேன். கட்டணம் இல்லை, குறைந்த நினைவகத்திலும் ஓடுகிறது. மடிக்கணினியின் மின்கலம் இன்னும் நன்றாக இருந்தால், மின்வெட்டின்போது அதுவே தாங்கிக்கொள்ளும். உங்கள் கணினி விண்டோஸ் 11 பதிப்பைத் தாங்கும், உடன் பணிபுரிபவர்களுக்கும் அதுவே தெரியும் என்றால் விண்டோஸையே வைத்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸில் வன்தட்டுக்கு ஈஎக்ஸ்டி4 வடிவம் ஏற்றது. ஒரு மாற்றத்தைச் செய்யும் முன் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வதால், திடீரென மின்சாரம் போனாலும் கோப்பு அமைப்பு விரைவில் சீராகிவிடும். பென்டிரைவில் வழக்கமாக உள்ள ஃபேட்32 வடிவத்தில் இந்த வசதி இல்லை. ஒரு கோப்பு 4 ஜிபிக்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பும் அதில் உண்டு.

எந்தப் பகிர்வு?

லினக்ஸ் கணினிகள் தங்களுக்குள் பகிர என்எஃப்எஸ் நல்ல முறை. நம் பள்ளிகளிலோ விண்டோஸ் கணினி, ஆண்ட்ராய்டு கைபேசி, ஸ்மார்ட் டிவி எல்லாம் கலந்திருக்கும். அதற்குச் சாம்பா பொருத்தமானது. விண்டோஸ் பேசும் எஸ்எம்பி என்ற பகிர்வு மொழியை மற்ற கணினிகளுக்கும் கற்றுத்தரும் கட்டற்ற மென்பொருள் இது. 1992இல் ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் இதை வெளியிட்டார். எஸ், எம், பி எழுத்துகள் அதே வரிசையில் வரும் சொல்லைத் தேடியே பின்னர் இப்பெயரைச் சூட்டினார்.

கோப்புறைகளைத் திறக்கத் தெரியாத டிவிகளுக்கு மினிடிஎல்என்ஏ என்ற சிறு மென்பொருளையும் சேர்த்துக்கொள்ளலாம். டிஎல்என்ஏ வசதியுள்ள டிவியில் பாடப் பட்டியல் தானாகத் தெரியும்.

கவனிக்க வேண்டியவை

• இரண்டு கணக்குகள் போதும். ‘பார்வை’ கணக்கில் பார்க்க மட்டுமே முடியும். ‘ஆசிரியர்’ கணக்கில் சேர்க்கவும் நீக்கவும் முடியும். ஒரு மாணவரின் கை தவறினாலும் பாடம் அழியாது.

• எஸ்எம்பியின் முதல் பதிப்பை அணைத்தே வையுங்கள். 2017 மே மாதம் உலகெங்கும் கணினிகளை முடக்கிய வான்னகிரை நச்சுநிரல், விண்டோஸில் அந்தப் பழைய பதிப்பிலிருந்த ஓட்டை வழியாகவே பரவியது.

• மாணவர்களின் படங்கள், மதிப்பெண்கள், எமிஸ் விவரங்கள் எதையும் இதில் வைக்க வேண்டாம். பாடப்பொருள் மட்டுமே இருக்கட்டும். அதுவும் பதிவிறக்கிப் பயன்படுத்த அனுமதி உள்ளவையாக இருக்கட்டும்.

• மாதம் ஒருமுறை வேறொரு வன்தட்டில் நகல் எடுத்து, தனி இடத்தில் வையுங்கள்.

• உப்புக்காற்று உலோக முனைகளை அரிக்கும். சன்னலோரம் வேண்டாம், காற்றோட்டமுள்ள அலமாரி நல்லது.

கணக்குப் பாடத்துக்கும் இது உதவும். 320 ஜிபி வன்தட்டில் இயங்குதளத்துக்கு 20 ஜிபி போக 300 ஜிபி மிஞ்சுகிறது. ஒரு காணொலி 300 எம்பி என்றால் எத்தனை காணொலிகள் கொள்ளும்? ஏறத்தாழ ஆயிரம். ஒரு திரைக்கு நொடிக்கு 3 மெகாபிட் தேவை என்றால் பத்துத் திரைகளுக்கு 30 மெகாபிட். சாதாரண ரூட்டரே இதைத் தாங்கும் என்பதை எட்டாம் வகுப்பு மாணவர்களே கணக்கிட்டுச் சொல்வார்கள்.

அமைத்து முடித்ததும் ஒரு வேலை மீதமுண்டு. எப்படி இயக்குவது, எப்படி நிறுத்துவது, புதிய காணொலியை எங்கே சேர்ப்பது என்பதை ஒரே தாளில் தமிழில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். கடவுச்சொல்லை உறையிலிட்டுத் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். பிறகு, கணினியில் ஆர்வமில்லாத ஓர் ஆசிரியரை அழைத்து, அந்தத் தாளை மட்டும் பார்த்து இயக்கச் சொல்லுங்கள். அவரால் முடிந்தால் உங்கள் தேர்வு சரியானதுதான்.