லேத் வேண்டாம், சி.என்.சி. போதும் என்கிறீர்களா?

"பசங்க பட்டறைக்கு வரமாட்டேங்கறாங்க." கோவை கணபதி, பீளமேடு பக்கம் ஜாப் ஒர்க் எடுக்கும் லேத் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் புலம்பல் இது. சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் நாள் முழுக்க நிற்கணும், கையெல்லாம் கிரீஸ், பெண் கொடுக்கிறவங்களும் யோசிப்பாங்க. அப்படிப்பட்ட வேலையை 20 வயதுக்காரர் தவிர்ப்பதில் என்ன தப்பு? அவரே சி.என்.சி. மிஷின் என்றால் வருகிறார். அழுக்கு குறைவு, வெளியே சொல்லிக்கவும் கௌரவம்.

சரி, வாங்க. ஆனால் ஒன்றைத் தெரிஞ்சுக்கிட்டு வாங்க. சி.என்.சி. பிரிவில் எல்லோருக்கும் ஒரே வேலை இல்லை. ஆபரேட்டர் பீஸை மாட்டுவார், கதவைச் சாத்துவார், பட்டனை அழுத்துவார், முடிந்ததும் எடுத்து அளப்பார். செட்டர் டிராயிங்கைப் படித்து, எந்த டூல், என்ன வேகம், எவ்வளவு ஆழம் என்று முடிவு செய்து, ஆஃப்செட் கொடுத்து, முதல் பீஸைச் சரியாக எடுத்துக் காட்டுவார். நாளைக்கு ரோபோ கை வந்தால் முதலில் போவது பீஸ் மாட்டி எடுக்கும் வேலைதான்.

செட்டராக என்ன வேணும்? ஜி01 என்றால் கொடுத்த வேகத்தில் நேர்கோட்டில் வெட்டு என்று அர்த்தம். இதையெல்லாம் சீக்கிரமே படிச்சுக்கலாம். வெட்டும் சத்தமும் சீவல் விழும் விதமும் மாறுவதை வைத்து டூல் மழுங்கிவிட்டது என்று கண்டுபிடிப்பது, கையால் லேத் ஓட்டிப் பழகியவருக்குத்தான் சட்டென்று வரும். ஒரு எண்ணைத் தப்பாக அடித்தால் டூல் நேராகச் சக்கில் போய் மோதும். மிஷின் நமக்காக யோசிக்காது. நீங்கள் ஒதுக்க நினைக்கிற அந்தப் பழைய லேத்தில் ஆறு மாதம் நின்றது வீண் போகாது.

தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களைத் தொழில் 4.0 தரத்துக்கு உயர்த்த, டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் 2022-ல் ஒப்பந்தம் போடப்பட்டது. மதிப்பு சுமார் ரூ.2,877 கோடி. ரோபோடிக்ஸ், அட்வான்ஸ்டு சி.என்.சி. போன்ற பிரிவுகள் இதில் வருகின்றன. அரசு ஐ.டி.ஐ.யில் மாதம் ரூ.750 உதவித்தொகை உண்டு. ஆண்கள் 40 வயது வரை சேரலாம். பெண்களுக்கு வயது வரம்பே இல்லை. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை இணையதளத்தில் மொபைலிலேயே விண்ணப்பிக்கலாம். பெயரில் 'ரோபோ' இருக்குன்னு மட்டும் பார்த்து டிரேடை டிக் அடிக்காதீங்க. டர்னர், மெஷினிஸ்ட் பிரிவுகளையும் திறந்து பாடத்தைப் படிச்சுப் பாருங்க.

ஏற்கெனவே பட்டறையில் வேலை பார்க்கிறீர்கள், கையில் சான்றிதழ் இல்லை என்றால், அனுபவத்தை வைத்தே அகில இந்திய தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுத வழியிருக்கிறது. அறிவிப்பு வந்த பிறகு ஓட வேண்டாம். ஓனரிடம் அனுபவச் சான்றை இப்போதே கேட்டு வாங்கி, மொபைலில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.