எல்லாமே ரிலேட்டிவ்தானா?



"மச்சி, எல்லாமே ரிலேட்டிவ்டா!" மார்க் குறைந்தாலும் சரி, பஸ் லேட்டானாலும் சரி, நம்மில் பலர் விடும் டயலாக் இது. கூடவே "ஐன்ஸ்டீனே சொல்லிட்டாரு" என்று முத்திரையும் குத்திவிடுகிறோம். அவர் சொன்னது அதுதானா? பார்ப்போம்.

தமிழில் இதற்குச் சார்பியல் என்று பெயர். 'சார்பு' என்றதும் ஒருதலைச் சார்பு, கட்சிச் சார்பு என்றுதான் நமக்கு ஞாபகம் வரும். குழப்பம் அங்கேயே ஆரம்பம். இயற்பியலில் சார்பு என்றால் எதை நிலையாக வைத்து அளக்கிறோம் என்பது மட்டுமே.

கும்மிடிப்பூண்டி லோக்கலில் போகிறவர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. நம் ரயில் 60 கி.மீ. வேகம். பக்கத்துத் தண்டவாளத்தில் அதே திசையில் 40 கி.மீ. வேகத்தில் ஒரு கூட்ஸ் வண்டி. ஜன்னலில் பார்த்தால் கூட்ஸ் 20 கி.மீ. வேகத்தில் பின்னால் போகிறது. திருவொற்றியூர் பிளாட்பாரத்தில் நிற்பவருக்கோ அது 40 கி.மீ. வேகத்தில் முன்னால் போகிறது. இரண்டுமே சரி. ஒரு கழித்தல் கணக்குப் போட்டால் ஒருவர் விடையிலிருந்து மற்றவர் விடை வந்துவிடும்.

இதுவரை கலிலியோ காலத்துச் சரக்கு. 1905-இல் ஐன்ஸ்டீன் சொன்னது இரண்டு. ஒன்று, சீராக ஓடும் எல்லோருக்கும் இயற்பியல் விதிகள் ஒன்றே. இரண்டு, வெற்றிடத்தில் ஒளியின் வேகமும் எல்லோருக்கும் ஒன்றே. வினாடிக்குச் சுமார் 3 லட்சம் கி.மீ. ரயிலின் ஹெட்லைட் வெளிச்சத்தோடு ரயில் வேகத்தைக் கூட்டக் கூடாது! இந்த இரண்டும் நிற்க வேண்டுமானால், நேரமும் நீளமும் அளப்பவரைப் பொறுத்து மாறியே தீர வேண்டும்.

"நேரம் மாறுறதா? அது முன்னாடியே இருந்ததுதானே!" என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான். 1856-இல் நம் ராயபுரத்திலிருந்து ரயில் கிளம்பிய காலத்தில் ஊருக்கு ஒரு நேரம். பம்பாய் நேரம் மெட்ராஸ் நேரத்துக்கு அரை மணி பின்னால். கல்கத்தா நேரம் சுமார் அரை மணி முன்னால். ரயில்வே மெட்ராஸ் நேரத்தில் ஓடியது. 1906 ஜனவரி 1 முதல் இந்திய நேரம் வந்தது. அது மனிதர் போட்ட ஏற்பாடு. முள்ளைத் திருப்பினால் தீர்ந்தது. ஐன்ஸ்டீன் சொல்வது வேறு. ஒன்றுபோல் சரியாக வைத்த இரண்டு கடிகாரங்களே வெவ்வேறு வேகத்தில் ஓடும்.

சந்தேகமா? காசிமேட்டுப் படகுகளில் இருக்கும் ஜி.பி.எஸ். கருவியே சாட்சி. அதற்குச் சிக்னல் தரும் செயற்கைக்கோள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது. அதன் வேகத்தால் உள்ளே இருக்கும் கடிகாரம் நாளுக்கு 7 மைக்ரோ வினாடி மெதுவாகிறது. அங்கே ஈர்ப்பு குறைவு என்பதால் 45 மைக்ரோ வினாடி வேகமாகிறது. இது 1915-இல் வந்த பொதுச் சார்பியல். நிகரம் 38 மைக்ரோ வினாடி முந்தல். அந்த நேரத்தில் ஒளி 11 கி.மீ. ஓடிவிடும்! அதனால்தான் கடிகாரத்தைக் கொஞ்சம் மெதுவாக ஓடும்படி அமைத்தே மேலே அனுப்புகிறார்கள். கணக்கு பிசகினால் கடலில் இருக்கும் அண்ணன்மார் கரை திரும்பும் வழி பிசகும்.

ஆக, சார்பியல் என்பது 'அவரவர்க்கு அவரவர் உண்மை' அல்ல. எது மாறும், எவ்வளவு மாறும், எது மாறவே மாறாது என்று மூன்றையும் கறாராகச் சொல்வதுதான் சார்பியல். நம் டயலாக்கில் முதல் பாதி மட்டும் இருக்கிறது, மாறாதது விட்டுப்போகிறது.

விட்டால் என்ன நஷ்டம்? 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் அமோனியா கசிந்தது. மக்கள் மூச்சுத் திணறி வீட்டை விட்டு ஓடினார்கள். நாற்றம் ஒருவருக்குத் தாங்கும், இன்னொருவருக்குத் தாங்காது. அது ஆளைப் பொறுத்தது. ஆனால் அந்த இடத்தில், அந்த நேரத்தில் காற்றில் எத்தனை பி.பி.எம். என்பதற்கு ஒரே விடைதான். "எல்லாம் ரிலேட்டிவ்" என்று அங்கே ஒருவர் சொன்னால், அது விஞ்ஞானம் அல்ல, சமாளிப்பு.

மாத்தூர், மணலி, எண்ணூர் என்று நாளை மீட்டர் முன்னால் நிற்கப் போகிறவர்கள் நாம்தான். யார் கேட்டாலும் ரீடிங்கை உள்ளபடி எழுதுவோம். எதை வைத்து அளந்தோம் என்பதையும் பக்கத்திலேயே எழுதுவோம். ஐன்ஸ்டீனுக்கு அதைவிடப் பெரிய மரியாதை வேண்டாம்!