புகை துறத்தலும் துணைக்கோடலும்



திருக்குறளின் பொருட்பாலிலே அடுத்தடுத்து அமைந்துள்ள ஏழு அதிகாரங்களின் பெயர்களை மாத்திரம் முதலில் நினைவுகூர்வோம். 44ஆவது அதிகாரம் குற்றங்கடிதல். 45ஆவது பெரியாரைத் துணைக்கோடல். 46ஆவது சிற்றினஞ்சேராமை. தொடர்ந்து வருவன தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்பன. நாடாளும் மன்னனுக்கு உரியனவாகவே இவை வகுக்கப்பட்டுள்ளன. எனினும், தன்னிடமுள்ள குறையொன்றை நீக்க விழையும் எந்த மனிதனுக்கும் இவ்வரிசை பொருந்துவதை நாம் காணலாம். குற்றத்தைக் கடிக என்ற அதிகாரத்திற்கு அடுத்த படியாகவே துணையைத் தேடுக என்ற அதிகாரம் வைக்கப்பட்டுள்ளது. குறையை நீக்க முனைபவன் தனித்து நின்று போராடவேண்டும் என்ற நியதி அங்கில்லை.

இவ்வரிசையைக் கைவிளக்காகக் கொண்டு, பிரித்தானியாவில் வாழும் எம்மவர் குடும்பங்கள் பலவற்றில் பேசாப் பொருளாக இருக்கும் புகைத்தற் பழக்கத்தைப் பற்றியும், அதனை விடுவதற்கு வேண்டிய ஊக்கத்தையும் துணையையும் பெறும் வழிகளைப் பற்றியும் இப்பாடத்தில் ஆராய்வோம்.

பழக்கத்தின் வேர்

புகையிலை எமக்குப் புதியதன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண்ணிலே அது நெடுங்காலமாகப் பணப்பயிராக விளைந்தது. திருவிதாங்கூர் வரை கப்பலேறியது. சுருட்டுக் கொட்டில்கள் பல குடும்பங்களுக்குச் சோறிட்டன. தென்னிலங்கை நகரங்களில் எம்மவர் நடத்திய சுருட்டுக் கடைகளின் வருவாயிலே படித்து முன்னேறியோர் பலர். ஆதலால், அப்பயிரை விளைவித்து உழைத்தவர்களை இகழ்வது எமது நோக்கமன்று. அதன் தீங்கு இத்துணைத் தெளிவாக அன்று அறியப்பட்டிருக்கவில்லை. இன்று அறியப்பட்டுள்ளது. வெற்றிலைத் தட்டத்தில் பாக்குடன் புகையிலையையும் வைத்து மெல்லும் வழக்கம் வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகின்றது என்பதையும் முதியோர் இங்கு கருத்திற் கொள்ளல் வேண்டும்.

புலம்பெயர்ந்த மண்ணிலே இப்பழக்கம் வேறொரு கோலம் பூண்டது. ஓர் அறையில் நால்வர் தங்கிய நாட்கள், பெற்றோல் நிலையத்து இரவு வேலை, வதிவிட அனுமதிக் கடிதத்திற்காகக் காத்திருந்த ஆண்டுகள், ஊரிலிருந்து தொலைபேசி வந்தாலே நெஞ்சு பதைத்த காலங்கள் ஆகியவற்றினூடே சிகரெட் ஒரு தோழனைப் போல வந்து சேர்ந்தது. பேசுவதற்கு ஆளில்லாதபோது அது உடனிருந்தது. இதனை நாம் விளங்கிக் கொள்ளல் அவசியம். துணையாக வந்த ஒன்றைத் துரத்துவதாயின், அது இருந்த இடத்தில் வேறொரு துணையை அமர்த்துதல் வேண்டும். வெறும் கண்டனத்தினால் அவ்விடம் நிரம்பாது.

வலியறிதல்

எதிரியின் வலிமையை அறியாது போருக்குச் செல்லலாகாது. சிகரெட் புகையை உள்ளிழுத்ததும் அதிலுள்ள நிக்கோட்டின் என்னும் பொருள் ஏறத்தாழ 10 முதல் 20 விநாடிகளுள் மூளையைச் சென்றடைகின்றது. அங்கே சிறிது நேரம் இன்ப உணர்வொன்று தோன்றுகின்றது. பின்னர் குருதியிலே நிக்கோட்டின் குறையத் தொடங்கும். ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் அது பாதியாகின்றது. அப்பொழுது அமைதியின்மை, எரிச்சல், கவனக் குறைவு என்பன தலைகாட்டுகின்றன. அடுத்த சிகரெட் இவற்றை அடக்குகின்றது.

“புகைத்தால் மனக்கவலை தீர்கின்றது” என்று கூறுவோர் இவ்விடத்தைக் கவனித்தல் வேண்டும். முன்னைய சிகரெட் விளைத்த தவிப்பையே அடுத்த சிகரெட் தணிக்கின்றது. கடன்காரனே மீண்டும் கடன் கொடுத்துப் பழைய வட்டியைத் தீர்ப்பதை இது ஒக்கும். புகைத்தலை விட்டுச் சில வாரங்கள் கடந்தவர்களிடம் மனப்பதற்றம் முன்னையிலும் குறைந்திருப்பதாகவே ஆய்வுகள் காட்டுகின்றன.

மனிதனைச் சிகரெட்டுடன் கட்டிவைப்பது நிக்கோட்டினே. ஆயினும், நோயைத் தருவன பெரும்பாலும் புகையிலுள்ள தாரும், காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயுவும், புற்றுநோயை உண்டாக்கும் பிற இரசாயனங்களுமே. இவ்வேறுபாடு பின்னர் கூறப்படும் மருந்துகளை விளங்கிக் கொள்ள உதவும்.

வைத்தியர்களே சான்றாகிய ஆய்வு

1950ஆம் ஆண்டிலே இலண்டனில் றிச்சட் டோல், பிராட்போர்ட் ஹில் என்னும் அறிஞர் இருவர் நுரையீரற் புற்றுநோய்க்கும் புகைத்தலுக்கும் உள்ள தொடர்பை வெளிப்படுத்தினர். 1951இல் பிரித்தானிய வைத்தியர்களுக்கு வினாக்கொத்து அனுப்பினர். ஏறத்தாழ 40,000 வைத்தியர்கள் விடையளித்தனர். அவ்வாறு விடையளித்த ஆண் வைத்தியர்களின் வாழ்வையும் மரணத்தையும் அரை நூற்றாண்டு காலம் தொடர்ந்து கணித்ததன் முடிவு 2004இல் வெளிவந்தது. வாழ்நாள் முழுவதும் சிகரெட் புகைத்தோர், என்றுமே புகைக்காதோரிலும் பார்க்கச் சராசரியாக 10 ஆண்டுகள் முன்னதாகவே இறந்தனர் என்பது அதன் சாரம்.

அம்முடிவின் மறுபக்கமே எமக்கு ஊக்கம் தருவதாகும். 60 வயதில் விட்டவர் ஏறத்தாழ 3 ஆண்டுகளையும், 50 வயதில் விட்டவர் 6 ஆண்டுகளையும், 40 வயதில் விட்டவர் 9 ஆண்டுகளையும், 30 வயதில் விட்டவர் இழக்கவிருந்த 10 ஆண்டுகளையும் மீட்டுக் கொண்டனர். “இத்தனை காலம் புகைத்தாயிற்று, இனி விட்டென்ன பயன்?” என்று கேட்போருக்கு இதுவே விடை. ஆய்வை நடத்திய டோல் அவர்களே தாம் கண்டறிந்த உண்மையைக் கண்டு புகைத்தலைக் கைவிட்டவர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

விட்ட ஓராண்டிலே இதய நோய் ஏற்படும் ஆபத்து, தொடர்ந்து புகைப்பவருக்குள்ள ஆபத்தின் அரைவாசி அளவுக்குக் குறைகின்றது. நீரிழிவும் இதய நோயும் எம்மைப் போன்ற தெற்காசிய மக்களிடையே மிகுதியாகக் காணப்படுவதால், இச்செய்தி எமக்குச் சிறப்பாக உரியது.

துணைக்கோடல்: வெளியிலிருந்து வரும் துணை

மனவுறுதி ஒன்றினாலேயே விட்டுவிடலாம் என்று பலர் முயல்கின்றனர். சிலர் வெல்கின்றனர், மிகப் பலர் சில நாட்களில் தளர்கின்றனர். பயிற்சி பெற்ற ஆலோசகரின் துணையையும் மருந்தையும் சேர்த்துப் பெறுவோருக்கு, தனித்து முயல்வோரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வெற்றி வாய்ப்பு உண்டு. 1998ஆம் ஆண்டு அரசு வெளியிட்ட வெள்ளையறிக்கையைத் தொடர்ந்து, இங்கிலாந்து எங்கும் புகைத்தலை விட உதவும் சேவைகள் அமைக்கப்பட்டன. இவற்றில் ஆலோசனை இலவசம். குடும்ப வைத்தியரிடமோ மருந்துக்கடையிலோ வினவினால் வழிகாட்டுவர். ஆங்கிலம் தடையெனின், வைத்தியரிடம் செல்லும்போது மொழிபெயர்ப்பாளர் ஒருவரை முன்கூட்டியே கேட்டுப் பெறலாம். பிள்ளைகளை மொழிபெயர்க்க அழைத்துச் செல்வதைத் தவிர்த்தல் நன்று. தந்தை தம் தளர்வுகளைப் பிள்ளையின் வாயினாலே கூறுவிப்பது இருவருக்கும் சங்கடமாகும்.

அங்கே கருவியொன்றினுள் ஊதச்செய்து, மூச்சிலுள்ள காபனோரொட்சைட்டின் அளவை அறிவர். புகைக்காது ஓரிரு நாட்கள் சென்றதும் அளவு வீழ்ந்திருப்பதைக் கண்ணாற் காண்பது பெரும் ஊக்கமாகும். தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டை, நிக்கோட்டின் சூயிங்கம் முதலியன தாரும் நச்சுவாயுவும் இன்றி நிக்கோட்டினை மாத்திரம் சிறுகச் சிறுகத் தந்து தவிப்பைத் தணிப்பன. பட்டையுடன் சூயிங்கம் போன்ற ஒன்றையும் சேர்த்துப் பயன்படுத்துவது, ஒன்றை மாத்திரம் பயன்படுத்துவதிலும் சிறந்த பயன் தரும். வரெனிக்கிளின், சைட்டிசின் ஆகிய மாத்திரைகளும் உள. எது ஏற்றது என்பதை வைத்தியரோ ஆலோசகரோ கூறுவார். நீரிழிவுக்கும் மனநோய்க்கும் மருந்து உட்கொள்வோர், புகைத்தலை விடப்போவதை முன்னரே வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். சில மருந்துகளின் அளவை மாற்ற நேரிடலாம்.

துணைக்கோடல்: வீட்டாரின் துணை

சென்ற தவணையில் எமது நான்காம் வகுப்பிலே “எங்கள் வீடு” என்ற தலைப்பில் பத்து வசனங்கள் எழுதப் பணித்தோம். “பல்கனி அப்பாவுடைய அறை” என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. இலக்கணப் பிழை எதுவும் இல்லாத வசனம் அது. சரி அடையாளம் இட்டுக் கொடுத்தோம். மார்கழிக் குளிரிலும் அத்தந்தை வெளியே நிற்பது, பிள்ளைகளைப் புகை தீண்டலாகாது என்ற அன்பினால் அன்றோ? பழக்கத்திற்கு ஆட்பட்டவரிடமும் அன்பு குன்றாதிருக்கின்றது. அந்த அன்பே அவரை விடுவிக்க வல்ல ஊக்கமுமாகும். அதனைத் தூண்டி எழுப்புவது வீட்டாரின் கடமை.

அதற்குச் சில வழிகள் உள. ஏசுதலும், விருந்தினர் முன் எள்ளி நகையாடுதலும், சட்டைப் பையைச் சோதித்தலும் வேண்டா. அவை மறைத்துப் புகைக்கவே கற்பிக்கும். “எப்பொழுது விடப்போகின்றீர்கள்?” என்று கேட்பதற்குப் பதிலாக, “நாங்கள் என்ன செய்தால் உங்களுக்கு இலகுவாக இருக்கும்?” என்று கேட்டல் நன்று. முதல் வாரத்தில் எரிச்சலும் உறக்கமின்மையும் மிகும் என்பதை வீட்டார் முன்னரே அறிந்திருந்தால், கடுஞ்சொல் ஒன்று வந்தபோதும் பொறுத்துக் கொள்வர். புகைக்க வேண்டும் என்ற வேட்கை எழும்போது அது பெரும்பாலும் சில நிமிடங்களிலே தணிந்துவிடும். அந்நிமிடங்களில் ஒரு குவளை தண்ணீர், கடை வரை ஒரு நடை, பிள்ளையுடன் ஓர் ஆட்டம் என ஏதேனும் ஒன்று கைகொடுக்கும்.

28 நாட்கள் புகைக்காதிருந்தவர் நிரந்தரமாக விடும் வாய்ப்பு ஐந்து மடங்காகின்றது என இந்நாட்டுச் சுகாதார சேவை கூறுகின்றது. ஆகவே முதல் நான்கு வாரங்களையும் குடும்பம் முழுவதும் சேர்ந்து காத்தல் வேண்டும்.

சேர்க்கை, காலம், இடம்

புகைக்கும் நண்பர்கள் தீயோர் என்பது எமது கருத்தன்று. எனினும், மண்டபத்தின் பின்புறத்தில் கூடும் கூட்டத்திலிருந்து சில வாரங்கள் விலகி நிற்றல் தகும். “நான் விட்டிருக்கின்றேன், எனக்கு நீட்டாதே” என்று ஒரு நண்பரிடமேனும் வெளிப்படையாகக் கூறிவைத்தல் வேண்டும். இருவர் சேர்ந்து விடுவராயின் அதனிலும் நன்று.

நாளொன்றைக் குறித்துக் கொள்ளுதல் காலமறிதலாகும். திருமண வீடும் வேலை மாற்றமும் உள்ள வாரத்தைத் தவிர்த்து, அடுத்த இரு வாரங்களுள் ஒரு நாளைத் தெரிவுசெய்க. அந்நாளின் முன்னிரவிலே பெட்டி, தீப்பெட்டி, சாம்பற் கிண்ணம் யாவற்றையும் அகற்றுக. இங்கிலாந்திலே 2007 யூலை 1ஆம் திகதி முதல் மூடிய பொது இடங்களிலும் வேலைத்தலங்களிலும் புகைத்தல் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. 2015 ஒக்டோபர் 1ஆம் திகதி முதல், 18 வயதிற்குட்பட்டோர் உள்ள மூடிய வாகனத்திலும் அவ்வாறே. சட்டம் காட்டிய வழியில் வீட்டையும் பல்கனியையும் நாமே சேர்த்துக் கொள்ளலாம்.

ஒரு நாள் தவறிப் புகைத்துவிட்டால் எல்லாம் வீணாயிற்று என எண்ணலாகாது. பன்முறை முயன்றே பலர் இறுதியில் வென்றுள்ளனர். எந்த நேரத்தில், யாருடன் இருந்தபோது தவறினார் என்பதைக் குறித்து வைத்தால், அடுத்த முயற்சிக்கு அதுவே பாடமாகும்.

மாணவர்க்கு ஒரு சொல்

மின்சிகரெட் பற்றி நீங்கள் அறிவீர்கள். புகைக்கும் பழக்கமுள்ள வளர்ந்தோர், சிகரெட்டை விடுவதற்குரிய கருவியாக அதனைப் பயன்படுத்த இந்நாட்டுச் சேவைகள் இடமளிக்கின்றன. சிகரெட்டிலும் அதன் தீங்கு குறைவு. ஆனால் புகைக்காத ஒருவர் அதனைத் தொடங்குவதற்கு நியாயம் ஏதுமில்லை. அதிலும் நிக்கோட்டின் உண்டு. 18 வயதிற்குட்பட்டோருக்கு அதனை விற்பது சட்டவிரோதம். ஒருமுறை பயன்படுத்தி வீசும் வகையின் விற்பனை 2025 யூன் 1ஆம் திகதி முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. எவரேனும் நீட்டினால், “வேண்டாம்” என்னும் ஒரு சொல் போதும். காரணம் கூற வேண்டியதில்லை.

பயிற்சி

1. ஒருவர் நாளொன்றுக்கு 10 சிகரெட் புகைக்கின்றார். 20 சிகரெட் கொண்ட பெட்டியின் விலை 15 பவுண்ட் எனக் கொண்டால், 365 நாட்களில் அவர் செலவிடும் தொகை யாது? (விடை: 2,737 பவுண்ட் 50 பென்ஸ்.) அத்தொகையைக் கொண்டு உங்கள் குடும்பம் செய்யக்கூடிய மூன்று காரியங்களை எழுதுக.

2. கடிதல், துணைக்கோடல், சிற்றினம், வலி, இடன் ஆகிய சொற்களின் பொருளை அகராதியிற் கண்டு, ஒவ்வொன்றையும் வைத்து ஒரு வசனம் அமைக்க.

3. உங்கள் உறவினருள் புகைத்தலை விட முயலும் ஒருவருக்கு ஐந்து வரிகளில் கடிதம் எழுதுக. அக்கடிதத்தில் “விடுங்கள்” என்ற சொல் வரலாகாது. நீங்கள் அவருக்குச் செய்யக்கூடிய உதவியொன்றையாவது குறிப்பிடுதல் வேண்டும். எழுதியதை ஆசிரியரிடம் தரத் தேவையில்லை, உரியவரிடமே கொடுக்கவும்.